கார் கழுவும் கடைக்கு எந்த ரசாயனம் நல்லது? லோங்காங்கிலிருந்து தொடங்குவோம்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் என் மாமா நடத்தும் கார் கழுவும் கடைக்குப் பொருள் வாங்குவது ஒன்பது ஆண்டுகளாக என் பொறுப்பு. ரசாயனம் விற்பவர் வந்தால் மாமா கேட்பது ஒரே கேள்வி: "நுரை நல்லா நிக்குமா?" நானும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சரியான கேள்விகள் எவை என்று தெரிய எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடித்தன. புதிதாகக் கடை திறப்பவர்களுக்கும், பச்சை இலை படம் போட்ட டிரம்மைப் பார்த்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். நம் ஊரில் கழிப்பறைக் குழாய் வேறு, லோங்காங் என்கிற சாக்கடை வேறு. கழிப்பறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்று செரித்த பிறகுதான் தண்ணீரை வெளியே விடுவார்கள். லோங்காங் மழைத் தண்ணீருக்காகக் கட்டியது. அதில் எது விழுந்தாலும் அப்படியே ஆற்றுக்குத்தான். வழியில் குப்பை பிடிக்கும் கம்பிவலை இருக்கலாம். பிளாஸ்டிக் போத்தல் அதில் சிக்கும், சவர்க்காரம் சிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை லோங்காங்கை ஒட்டியே நடந்து போனேன். கடைக்குப் பின்னால் வெள்ளை நுரை. இரண்டு திருப்பம் தாண்டி ஒரு ஒட்டுக்கடையின் எண்ணெய்த் தண்ணீர் வந்து கலந்தது. பிறகு பெரிய வாய்க்கால், அதன் பிறகு சுங்கை பினாங்கு. தைப்பூசத்துக்கு நாம் ஏறும் தண்ணீர்மலைப் பக்கம் அருவியாக விழுந்து வருகிற ஆறு, ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து வரும் ஆற்றோடு சேர்ந்துதான் சுங்கை பினாங்கு ஆகிறது. மேலே கையில் அள்ளி முகம் கழுவத் தோன்றுகிற தண்ணீர், ஊரைக் கடந்து கடலில் சேரும் இடத்தில் கறுத்துக் கிடக்கிறது. முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. எங்கள் கடைத் தண்ணீர் அங்கே போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகாது. இந்த 'ஒரு நாள்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் சொல்லப்போவதற்கு அது முக்கியம்.

'மக்கும்' என்றால் என்ன?

டிரம்மில் அதிகம் பார்க்கும் சொல் 'பயோடிகிரேடபிள்', அதாவது நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கக்கூடியது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்ல வரலாறு உண்டு. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய சலவைத் தூள்கள் பரவியபோது ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. அந்தச் சவர்க்கார மூலக்கூறு கிளைகிளையாகப் பிரிந்த வடிவம் கொண்டது. நுண்ணுயிர்களால் அதைக் கடித்துத் துண்டாக்க முடியவில்லை. 1960களில் கிளை இல்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறினார்கள், நுரை அடங்கியது. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான ஷாம்புகளில் இருப்பது அந்த நேர்ச்சங்கிலி வகையோ அதைவிட எளிதாகச் சிதையும் வகையோதான். அதனால் 'மக்கும்' என்ற சொல் ஒன்றும் பெரிய சிறப்பு இல்லை. அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

'எளிதில் மக்கும்' என்று சொல்ல உலக அளவில் ஒரு சோதனை இருக்கிறது. ஓஇசிடி 301 என்பார்கள். அதன் ஒரு வகையில் 28 நாளில் 60 விழுக்காடு சிதைந்திருக்க வேண்டும். இப்போது மேலே சொன்ன ஒரு நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனைக்கு 28 நாள், எங்கள் தண்ணீர் கடலுக்குப் போக ஒரு நாள். மக்கத் தொடங்குவதற்குள் ஆற்றில் இருக்கும் மீனை அது தொட்டுவிடுகிறது. சவர்க்காரம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, மீனின் செவுளில் உள்ள மெல்லிய சவ்வைப் பாதிக்கிறது. இன்னொன்று, நுண்ணுயிர் தின்று சிதைப்பது என்றால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் ஆற்றுத் தண்ணீரிலிருந்தே போகிறது. எவ்வளவு நல்ல சவர்க்காரமும் அளவுக்கு மீறினால் ஆற்றுக்கு மூச்சு முட்டும்.

இதனால் மக்கும் பொருள் வேண்டாம் என்று ஆகிவிடாது. அது வாசல்படி மாதிரி. தாண்டியாக வேண்டும், ஆனால் தாண்டியதோடு வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

பெயரை நம்பி ஏமாறும் இன்னொரு இடம் 'இயற்கை' என்ற சொல். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிகளில் ஆரஞ்சுத் தோல் வாசனையோடு ஒரு வகை வரும். அதில் இருப்பது டி-லிமோனின், உண்மையிலேயே ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுப்பதுதான். பிசுக்கை நன்றாகவே நீக்கும். ஆனால் ரசாயனங்களுக்கான உலக வகைப்பாட்டில் அதற்கு 'நீர்வாழ் உயிர்களுக்கு மிக நச்சு' என்ற முத்திரை உண்டு. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். எதிலிருந்து எடுத்தார்கள் என்பது மீனுக்குத் தெரியாது. நம் நாட்டுச் செம்பனை விதை எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஆல்கஹாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்கிற அல்கைல் பாலிகுளுக்கோசைடு என்ற வகை இருக்கிறது. எளிதில் மக்கும், தோலுக்கும் மென்மை. ஷாம்பு வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். இயற்கையிலிருந்து வந்தது என்பதால் அதைத் தேடவில்லை, அதன் குணத்துக்காகத்தான்.

ஒரு தாளைக் கேளுங்கள்

விற்பவரிடம் கேட்க வேண்டியது பாதுகாப்புத் தரவுத் தாள். எஸ்டிஎஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். ஆபத்தான ரசாயனம் விற்பவர் அதைத் தந்தாக வேண்டும் என்று மலேசியாவின் 2013 ஆம் ஆண்டு 'கிளாஸ்' விதிகள் சொல்கின்றன. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 16 பகுதிகள் கொண்ட தாள் அது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை, நான் நான்கு இடங்களைப் பார்ப்பேன்.

இரண்டாம் பகுதியில் ஆபத்துக் குறிகள் இருக்கும். சிவப்புக் கட்டத்துக்குள் செத்த மீனும் பட்ட மரமும் இருந்தால் அது நீருக்கு ஆபத்து. எச்400, எச்410 என்ற எண்கள் இருந்தால் 'மிக நச்சு' என்று பொருள். எச்412 என்றால் அதைவிடக் குறைவு. எச்314 என்றால் தோலைப் புண்ணாக்கும். மூன்றாம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும். அதில் 'நோனைல்பீனால் எத்தாக்சிலேட்' என்ற பெயர் இருந்தால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைகளில் என்பி-9 என்று மலிவாகக் கிடைக்கும் பொருள் இதுதான். அது பாதி சிதைந்ததும் வரும் நோனைல்பீனால், மீன்களின் உடலில் பெண் ஹார்மோன்போல் வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே இதைத் துப்புரவுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஒன்பதாம் பகுதியில் பி.எச். அளவு. பன்னிரண்டாம் பகுதியில் மீன் பற்றிய சோதனை எண், எல்சி50 என்று இருக்கும். மீனுக்கு 96 மணி நேரச் சோதனையில் பாதி மீன்கள் சாகும் அளவு அது. எண் சிறிதாக இருந்தால் நஞ்சு அதிகம். மற்ற மூன்று இடங்களிலும் இரண்டு ஷாம்புகள் சமமாக இருந்தால், முடிவு செய்ய இந்த எண் உதவும்.

ஒரு முறை, விலை குறைவாகக் கொடுத்த ஒருவரிடம் தாள் கேட்டேன். "தாளெல்லாம் எதுக்குக்கா, பினாங்கு முழுக்க இதைத்தான் வாங்குறாங்க" என்றார். வாங்கவில்லை. தாள் தர மறுப்பதே எனக்குப் போதுமான பதில்.

பி.எச். பற்றி இரண்டு வரி. 7 நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அதாவது 9க்கும் 12க்கும் வித்தியாசம் மூன்று இல்லை, ஆயிரம் மடங்கு. காடிக்கு, அதாவது காருக்கு, போடும் சாதாரண ஷாம்பு 7ஐ ஒட்டி இருந்தால் போதும். ஸ்னோ வாஷ் என்று காடியை மூடும்படி அடிக்கிற நுரைகள் சிலவற்றில், தேய்க்காமலே அழுக்கு இறங்க வேண்டும் என்று காரத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். சோதனைக் காகிதம் ஒரு சுருள் வாங்கி வைத்தால் பல மாதம் வரும். கலந்து வைத்த வாளியில் ஒரு துண்டு நனைத்து, பெட்டியில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. எங்கள் பழைய நுரையில் காகிதம் கருநீலமாகிவிட்டது. நுரை அடிக்கிற தம்பியின் விரல் இடுக்குகள் ஏன் வெடித்திருந்தன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று மாதமாக அவன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்திருக்கிறான். நான் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாரும் ஷாம்புவைத்தான் முதலில் மாற்றுவார்கள், ஏனென்றால் அதுதான் அதிகம் செலவாகிறது. என் அனுபவத்தில் அது மூன்றாவதாக வர வேண்டியது.

முதலில் நிறுத்த வேண்டியது சக்கர ரிம் கழுவும் அமிலம். பிரேக் தூள் ஒட்டிக் கறுத்த ரிம்மை நொடியில் வெள்ளையாக்கும் மலிவுத் திரவங்களில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதை உண்டாக்கும் அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இது மற்ற அமிலம் மாதிரி உடனே எரியாது. தோலுக்குள் ஊடுருவி, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறைய பட்டால் உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டால் போதும் என்று சொல்கிற பொருள் இல்லை இது. கடையில் வைக்கவே கூடாது. பதிலுக்கு நடுநிலை பி.எச். கொண்ட ரிம் திரவம் இருக்கிறது. இரும்புத் தூள் பட்டதும் ஊதா நிறமாக மாறி வடியும், நாற்றமும் கொஞ்சம் அடிக்கும். விலை கூடுதல்தான். அதனால் நாங்கள் எல்லாக் காடிக்கும் அதைப் போடுவதில்லை. வாரம் ஒரு முறை வரும் காடிக்கு ஷாம்புவும் மென்மையான தூரிகையுமே போதும்.

இரண்டாவது, எஞ்சின் கழுவுவதற்கு டீசலும் மண்ணெண்ணெயும் பயன்படுத்துவது. பழைய பழக்கம், இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது பிசுக்கை நீக்கவில்லை, பிசுக்கோடு இன்னொரு எண்ணெயையும் சேர்த்து லோங்காங்குக்கு அனுப்புகிறது. மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் 'பி' தர வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருந்தால் 'ஏ' தரம், லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் ஏறக்குறைய 40 மில்லிகிராம் எடை இருக்கும். நான்கு லிட்டர் தண்ணீரை 'பி' வரம்புக்குக் கொண்டுபோக அந்த ஒரு சொட்டே போதும். உங்கள் கடைக்கு எந்த விதி பொருந்தும் என்பதை உரிமம் எடுக்கும்போதே மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் அளவை மீறும் என்று காட்டத்தான் இந்தக் கணக்கு.

எண்ணெய்ப் பொறிக்கு ஒத்துப்போகும் பிசுக்கு நீக்கி

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கடைத் தண்ணீர் வெளியே போகும் வழியில் எண்ணெய்ப் பொறி வைத்திருப்போம். மூன்று அறை கொண்ட தொட்டி. முதல் அறையில் மண் கீழே இறங்கும். அடுத்ததில் எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். இந்தத் தொட்டி வேலை செய்வதே எண்ணெய் மிதக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான். ஆனால் பிசுக்கு நீக்கியின் வேலை என்ன? எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடுவது. கலந்துபோன எண்ணெய் மிதக்காது. பொறியைத் தாண்டி நேராக லோங்காங்குக்குப் போய்விடும். பணம் போட்டுத் தொட்டி கட்டி, அதைத் தோற்கடிக்கும் திரவத்தையும் பணம் போட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

இதற்குத் தீர்வு, எண்ணெயைக் காடியிலிருந்து எடுத்துவிட்டு, தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே அதை விட்டுவிடுகிற வகை. 'குயிக் ஸ்பிலிட்' என்று கேட்டால் விவரம் தெரிந்த விற்பனையாளர் எடுத்துத் தருவார். அவர் சொல்வதை நம்புவதைவிட நீங்களே பார்த்துவிடலாம். ஒரு காலி மினரல் வாட்டர் போத்தலில் அரை லிட்டர் தண்ணீர், மூடி அளவு பழைய எஞ்சின் எண்ணெய், கடையில் கலக்கும் அதே விகிதத்தில் பிசுக்கு நீக்கி. மூடி இருபது முறை குலுக்கி மேசைமேல் வையுங்கள். நான் இரண்டு பொருளை அப்படி வைத்தேன். ஒன்றில் அரை மணி நேரத்தில் மேலே கறுப்புப் பட்டை, கீழே கலங்கல் தெளிந்த தண்ணீர். மற்றது மறுநாள் காலையிலும் தே தாரேக், அதாவது பால் தேநீர், நிறத்திலேயே இருந்தது. அந்தத் தே தாரேக்கைத்தான் இரண்டு ஆண்டுகளாகக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று மாமாவிடம் போத்தலைக் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்திடும்மா" என்று மட்டும் சொன்னார். சோதனை முடிந்த தண்ணீரை லோங்காங்கில் ஊற்றாமல் கழிவு எண்ணெய் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பொறிக்குக் கூரையும் வேண்டும். நம் ஊர் மழை அரை மணி நேரம் பெய்தால் திறந்த தொட்டி நிரம்பி, பிடித்து வைத்த எண்ணெயெல்லாம் வெளியே போய்விடும். கழுவும் தளத்துக்கே கூரை போட்டு, மழைத் தண்ணீரைத் தனியாக வழிய விடுவதுதான் சரி. கழுவும் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையக் குழாயில் இணைக்க முடியுமானால் இன்னும் நல்லது. ஆனால் அதை நீங்களாகச் செய்யக் கூடாது. எழுத்தில் அனுமதி வாங்கி, எண்ணெய்ப் பொறிக்குப் பிறகுதான் இணைக்க வேண்டும்.

அளவு

நல்ல பொருளைக் கெட்ட பொருளாக்குவது கைக்கணக்கு. டிரம்மில் 1:200 என்று போட்டிருந்தால் 20 லிட்டர் வாளிக்கு 100 மில்லி. எங்கள் பையன்கள் ஊற்றுவதை ஒரு நாள் அளந்து பார்த்தேன், 300 மில்லிக்கு மேல் போயிற்று. மூன்று மடங்கு சவர்க்காரம், மூன்று மடங்கு காசு, அலசுவதற்குக் கூடுதல் தண்ணீர் வேறு. டிரம் வாயில் பொருத்தும் பம்ப் ஒன்று வாங்கிப் போட்டேன். ஓர் அழுத்தத்துக்கு 30 மில்லி, வாளிக்கு மூன்று அழுத்தம். நூறுக்குக் கொஞ்சம் குறைவுதான், காடி அதே மாதிரிதான் பளபளத்தது. மாதம் ஐந்து டிரம் வாங்கிய இடத்தில் இப்போது இரண்டு. விலை கூடின நல்ல ஷாம்பு வாங்கும் காசு அதிலிருந்தே வந்துவிட்டது. சுற்றுச்சூழல் என்றால் செலவு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பம்பைத்தான்.

நுரையைப் பற்றி மாமா சொல்வதும் பொய்யில்லை. வாடிக்கையாளர் நுரையைப் பார்க்க விரும்புகிறார். ஆனால் அழுக்கைத் தூக்குவது நுரை இல்லை. நுரைக்காகவே தனியாகப் பொருள் சேர்ப்பார்கள். நுரை குறைந்த ஷாம்புவுக்கு மாறியபோது ஒரு பெரியவர், "என்னம்மா, சவர்க்காரத்துக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று கேட்டார். "ஐயா, விரலால தொட்டுப் பாருங்க" என்று கதவோரம் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், அழுக்கு இல்லை. அடுத்த வாரமும் வந்தார்.

மற்றவை சுருக்கமாக. டயர் பளபளப்புக்கு நீரில் கரைத்த வகை வாங்குங்கள், கரைப்பான் வாசனை தூக்கும் வகை வேண்டாம். காடி சீக்கிரம் உலர அலசும்போது அடிக்கும் மெழுகுகளில் குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைச் சேர்மங்கள் இருக்கலாம், பல குவாட்கள் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. பன்னிரண்டாம் பகுதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தண்ணீரில்லாமல் துடைக்கும் திரவம் மேல்தூசிக்குச் சரி. செம்மண் ஒட்டிய காடியில் தேய்த்தால் கீறல் விழும். சான்று முத்திரை தேடுபவர்கள் மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் சுற்றுச்சூழல் முத்திரையையோ, மைஹிஜாவ் என்ற பசுமைப் பொருள் பட்டியலையோ பார்க்கலாம். ஆனால் முத்திரை இருந்தாலும் தாளைக் கேளுங்கள்.

மாறும்போது மீதமிருக்கும் பழைய சரக்கை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஷாம்புவாக இருந்தால் சரியான அளவில் கலந்து பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். ரிம் அமிலத்தை அப்படிச் செய்யக் கூடாது, எதோடும் கலக்கவும் கூடாது. பிளீச் பட்டால் குளோரின் வாயு வரும். மூடி இறுக்கி, பெயர் எழுதி, தனியாகப் பூட்டி வைத்து, ஆபத்தானது என்று அரசு பட்டியலிட்ட கழிவை எடுக்க உரிமம் உள்ளவரை அழைத்துக் கொடுக்க வேண்டும். எண்ணெய்ப் பொறியில் மேலே வழித்தெடுக்கும் எண்ணெய்க்கும் அதே வழிதான். காலி டிரம்மை யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் பிடிக்க, கோயில் அன்னதானத்துக்கு என்று நல்ல மனசோடுதான் கேட்பார்கள். எவ்வளவு அலசினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. நாங்கள் விற்றவரிடமே திருப்பி அனுப்புகிறோம். அவர் எடுக்காத டிரம்மில் துளை போட்ட பிறகுதான் வெளியே வைக்கிறோம்.